2 வயது 9 மாதம், இன்னும் பேச்சில்லை: டிஇஐசி, சான்றிதழ், உதவித்தொகை, எதை முதலில் பிடிப்பது?

கேள்வி: அங்கன்வாடி_அக்கா

எங்கள் மையத்தில் பதிந்திருக்கும் பையனுக்கு 2 வயது 9 மாதம். அம்மா, அப்பா என்றுகூடச் சொல்வதில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட மாட்டான், நம் கையைப் பிடித்து இழுத்துப்போய் அலமாரி மேல் வைப்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாலு தடவைக்கு ஒரு தடவை திரும்பினால் உண்டு. தனியார் குழந்தை மருத்துவர் சீட்டில் "ஜிடிடி, ஆட்டிசம் அறிகுறிகள்" என்று எழுதி தெரபிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். ஜிடிடி என்றால் ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதமாம். அப்பாவுக்குக் கட்டட வேலை, தனியாரில் தெரபிக்குக் கட்ட வழியில்லை. மாற்றுத்திறனாளி அட்டைக்குப் போனவர்களை "அஞ்சு வயசு ஆகட்டும், அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எங்கிருந்து தொடங்குவது? அட்டை இல்லாமல் அரசுத் தெரபி கிடைக்குமா? 5 வயது வரை சான்றிதழ் கிடையாது என்பது உண்மையா? தமிழ்நாட்டு விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: வெண்பலகை

அட்டைக்காகத் தெரபியை நிறுத்தி வைக்காதீர்கள், அக்கா. அது வேறு வழி, இது வேறு வழி.

தெரபிக்குப் போக வேண்டிய இடம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம். எல்லோரும் டிஇஐசி என்றே சொல்வார்கள். பெரும்பாலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இருக்கும். 2013இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ் வருவது. பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என நான்கு வகையில் 18 வயது வரை பார்ப்பார்கள், கட்டணம் இல்லை, அட்டையும் கேட்க மாட்டார்கள். குழந்தை மருத்துவர், பிசியோ, ஸ்பீச் தெரபிஸ்ட், சைக்காலஜிஸ்ட், சிறப்புக் கல்வியாளர் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது திட்டம். நடைமுறையில் ஒன்றிரண்டு பணியிடம் காலியாகக் கிடக்கும். அதனால் போகும்முன் "ஸ்பீச் தெரபிஸ்ட் எந்தெந்தக் கிழமை இருக்கிறார்" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மையத்துக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் பரிந்துரைச் சீட்டு வாங்கலாம். குழு வர இரண்டு மாதம் ஆகும் என்றால் காத்திருக்க வேண்டாம், நேரே போனாலும் பார்ப்பார்கள். கொண்டுபோக வேண்டியவை: தாய் சேய் நல அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி (பிறந்ததும் அழுதானா, எத்தனை நாள் இன்குபேட்டரில் இருந்தான் என்பதற்கு), தனியார் மருத்துவர் சீட்டு. இன்னொன்று போனில் மூன்று சின்ன வீடியோ: தனியாக விளையாடுவது, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது, சாப்பிடுவது. புது இடத்தில் பிள்ளை அழுதுகொண்டே இருந்தால் மருத்துவருக்கு எதுவும் தெரியாது. அப்போது இந்த வீடியோதான் பேசும்.

சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் இருக்கிறது. 0 முதல் 6 வயதுக்கான ஒருங்கிணைந்த ஆரம்பநிலை மையம் 2021 ஜூனில் அங்கே தொடங்கியது.

பதில் 2: கிளிப்பேச்சு

முதல் பரிசோதனை காதுக்கு. பேச்சு வராத பிள்ளைக்குக் காது பார்க்காமல் ஆட்டிசம் என்று முடிவுகட்டக் கூடாது. ஓஏஇ (உள்காது வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை) மட்டும் எடுத்து "பாஸ்" என்று எழுதித் தந்தால் போதாது. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் சிக்கல் இருந்தால் ஓஏஇ அதைக் காட்டாது. பெராவும் (ஒலி நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று தூக்கத்தில் எடுக்கும் சோதனை) கேளுங்கள்.

பெரா பெரும்பாலும் ஒரே காரணத்தால் கெடும்: பிள்ளை தூங்காது. முதல் நாள் இரவு தாமதமாகத் தூங்க வைத்து, விடிகாலையில் எழுப்புங்கள். பஸ்ஸில் கண்ணயர விடாதீர்கள், அரை மணி தூங்கினாலும் அங்கே போய் விழித்துக்கொள்வான். தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டும் எலக்ட்ரோடு பிடிக்காது. சளி, காது வலி இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள், நடுக்காதில் நீர் கோத்திருந்தால் முடிவு தவறாக வரும். தூக்க மருந்து தருவதாக இருந்தால் எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்று கேட்டு அதன்படியே நடக்க வேண்டும்.

கேட்கும் திறன் கடுமையாகக் குறைந்திருப்பதாக வந்தால் கதையே வேறு. முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை செய்து காதுக்குள் பொருத்தும் கேட்கும் கருவி) 6 வயதுக்குள்தான். ஒரு மாதம் தள்ளுவதும் நஷ்டம்.

தெரபியைப் பற்றி ஒன்று. டிஇஐசியில் வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம் கிடைத்தாலே நல்லது. அதை வைத்து மட்டும் பேச்சு வராது. ஒவ்வொரு முறையும் "வீட்டில் என்ன செய்யணும்" என்று கேட்டுத் தாளில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். அதுவரை செய்ய: ஒரு நாளில் மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம், டிவியும் போனும் அணைத்துவிட்டு, பிள்ளையின் கண்மட்டத்தில் தரையில் உட்கார வேண்டும். பிடித்த பொருளை (முறுக்கு, சோப்புக் குமிழி, எதுவானாலும்) மூடித் திறக்க முடியாத டப்பாவில் போட்டுக் கண்ணுக்குத் தெரிய வைக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்தால் உடனே எடுத்துத் தராமல் பத்து எண்ணும் வரை முகத்தைப் பார்த்துக் காத்திருந்து, "தா" என்று ஒரே சொல்லைச் சொல்லித் தர வேண்டும். "என்ன வேணும் சொல்லு, சொன்னாத்தான் தருவேன்" என்று அழவிடுவது பயன் தராது. டப்பாவையே வெறுத்துவிடுவான்.

பதில் 3: படிவக்காரன்

சான்றிதழுக்கு வருவோம். 5 வயதுவரை கிடையாது என்பது தவறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் கீழ் 2018 ஜனவரியில் வந்த மதிப்பீட்டு வழிகாட்டுதல்படி, அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் 1 வயது நிறைந்தாலே சான்றிதழ் தரலாம். 5 வயதுவரை "ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்", அதாவது ஜிடிடி என்று எழுதித் தற்காலிகச் சான்றிதழ் தருவார்கள். அது அதிகபட்சம் 3 ஆண்டு அல்லது 5 வயது, எது முந்துகிறதோ அதுவரை. பிறகு 5, 10, 18 வயதில் புதுப்பிப்பு. "அஞ்சு வயசு ஆகட்டும்" என்ற பேச்சு இந்த 5 வயதுக் கோட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வருவது. 2024 மார்ச்சில் வழிகாட்டுதல் திருத்தப்பட்டிருக்கிறது, கையில் எடுத்துப்போகும் பிரதி அந்தத் திருத்தமாக இருக்கட்டும். மறுபடியும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறிவிடும்.

ஆட்டிசம் என்றே எழுத ஐஎஸ்ஏஏ என்ற இந்திய அளவுகோல் போடுவார்கள். அது 3 வயதுக்கு மேல். 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். 70க்குக் கீழே ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 லேசு, 107 முதல் 153 நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. 2018 அட்டவணையில் 70 மதிப்பெண்ணுக்கே 40 சதவீதக் குறைபாடு, 71 முதல் 88 வரை 50. ஆக லேசான ஆட்டிசமும் உதவிகளுக்குக் கேட்கும் 40 சதவீதக் கோட்டைத் தொட்டுவிடும்.

ஜிடிடிக்கு வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல். இங்கேதான் குடும்பங்கள் கோட்டைவிடுகின்றன. இது பிள்ளையைச் சோதிப்பதைவிடப் பெற்றோரிடம் கேள்வி கேட்டுப் போடும் கணக்கு. "தானே சாப்பிடுவானா?" என்றால் மானத்துக்கு அஞ்சி "சாப்பிடுவான்" என்பார்கள், வீட்டிலோ ஊட்டிவிடுவார்கள். 55 முதல் 69 மதிப்பெண் வந்தால் 50 சதவீதக் குறைபாடு, 36 முதல் 54 வந்தால் 75. 70 முதல் 84 வந்தால் 25 சதவீதம்தான், எந்த உதவியும் இல்லை. கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். யாரும் கை கொடுக்காமல் என்ன செய்கிறான் என்பதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

இந்தப் பையனுக்கு என் கணக்கு: இப்போதே ஜிடிடி சான்றிதழ். 3 வயது ஆனதும் ஐஎஸ்ஏஏ. அப்போது இரண்டும் இருந்தால் இரண்டையும் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். ஏன் என்பது அடுத்த பதிலில் வரும் என்று நினைக்கிறேன்.

விண்ணப்பம் யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) தளத்தில். இ-சேவையில் போட்டால் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் "கவின் ரா", ஆதாரில் "ரா. கவின்", ரேஷன் அட்டையில் இன்னொன்று என்றிருந்தால் பின்னால் வங்கிக் கணக்கில் பணம் ஏறாது. முதலில் ஆதாரைச் சரிசெய்துவிட்டு விண்ணப்பியுங்கள். கட்டட வேலைக்காரர்கள் சிம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஓடிபி அம்மாவின் நிலையான எண்ணுக்கு வரட்டும். 5 வயதில் ஆதாரில் கைரேகை புதுப்பிக்க வேண்டும், மறந்தால் சான்றிதழ் புதுப்பிப்பும் அங்கேயே நிற்கும்.

அட்டை மஞ்சள் என்றால் 40 முதல் 79 சதவீதம், நீலம் 80க்கு மேல், வெள்ளை 40க்குக் கீழ்.

பதில் 4: கணக்குநோட்டு

பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். 2023 ஜனவரிக்கு முன்பு 1,500 இருந்தது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு. பிரிவுகளைப் பாருங்கள்: அறிவுசார் குறைபாடு 40 சதவீதம், கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் 75 சதவீதம். சான்றிதழில் "ஆட்டிசம் 50 சதவீதம்" என்று மட்டும் இருந்தால் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று இழுபறி வரலாம். அறிவுசார் குறைபாடும் உண்மையாகவே இருந்தால் அதையும் எழுதி வாங்கச் சொன்னது இதற்காகத்தான். அரசுத் தாளில் ஆட்டிசம் "புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்" என்று இருக்கும், பயந்துவிடாதீர்கள். வருவாய்த்துறை ஓய்வூதியமும் இதுவும் சேர்ந்து கிடைக்காது.

அடுத்து மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் ஆண்டுக்கு 1 லட்சம் வரை. முன்பரிசோதனை இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. புதுப்பிக்க முறையே 50, 250. முழு ஒரு லட்சத்தையும் தெரபிக்கே எடுக்க முடியாது, தெரபிக்கு உள்வரம்பு உண்டு. முதலில் கைக்காசு, பிறகுதான் திரும்ப வரும்.

பில் திரும்பி வருவது ஏன் என்று பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி: "தெரபி கட்டணம் 6,000" என்று ஒரே வரி. தேதிவாரியாக, ஒரு அமர்வுக்கு இவ்வளவு என்று பிரித்து, தெரபிஸ்ட் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்புக் கல்வியாளர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) எண் இருக்கும். பிசியோவிடம் அதைக் கேட்டுச் சண்டை போடாதீர்கள், அவர்கள் ஆர்சிஐயில் வரமாட்டார்கள். மருத்துவரின் தெரபிப் பரிந்துரைச் சீட்டு பில்லின் தேதிக்கு முன்னால் எழுதியதாக இருக்க வேண்டும்.

வரி கட்டும் வீடுகள் படித்தால்: 40 சதவீதத்துக்கு 75,000, 80க்கு மேல் 1,25,000 கழிவு உண்டு, பழைய வரிமுறையில் மட்டும்.

அங்கன்வாடி_அக்கா

மிக்க நன்றி. பையனின் பாட்டிதான் தடை. "சான்றிதழ் வாங்கிட்டா பள்ளிக்கூடத்துல சேக்க மாட்டாங்க, ஆயுசுக்கும் பேர் ஒட்டிக்கும்" என்கிறார். என்ன சொல்ல?

வெண்பலகை

பாட்டியிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். இப்போது வாங்குவது தற்காலிகத் தாள், 5 வயதில் மறுபடி பார்ப்பார்கள். அளவு மாறினால் தாளும் மாறும். பள்ளியோ, சான்றிதழ் இருந்தால்தான் வலு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தை வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வரும், எல்கேஜியிலிருந்தே. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பெயர்ப் பட்டியலில் ஏற அந்தத் தாள்தான் வழி.

அதுவரை உங்கள் மையத்திலேயே உட்கார வையுங்கள் அக்கா. வாசலுக்கு எதிரே வேண்டாம், ஓடிவிடுவான். உங்கள் வலது கைப்பக்கம், சுவரோரம். குக்கர் விசில் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறானா என்று பார்த்துக் குறித்துவையுங்கள், டிஇஐசியில் கேட்பார்கள்.