சிறிய முகாம் டிரெய்லருக்கு முன்பெட்டி: இழுசட்டத்தில் வெல்டு வைக்கலாமா?

வழிப்போக்கன் (கேள்வி)

வணக்கம். ஈராண்டுகளுக்கு முன் நானே கட்டிய சிறிய முகாம் டிரெய்லர் ஒன்று என்னிடம் இருக்கிறது. இரும்புச் சட்டத்தின் மேல் பிளைவுட் அறை. இருவர் படுக்கலாம், பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. அறையின் நீளம் 240 செ.மீ. அதன் முன்சுவரிலிருந்து, காரின் பின்னால் உள்ள இழுபந்தில் மாட்டும் கப்ளர் வரை, முக்கோண வடிவ இழுசட்டம் 110 செ.மீ. நீண்டிருக்கிறது. அந்த இடம் இப்போது வெறுமனே கிடக்கிறது. அச்சிலிருந்து கப்ளர் வரை 250 செ.மீ. பயணத்துக்குச் சாமான் ஏற்றியபின் மொத்த எடை 480 கிலோ. அச்சு 750 கிலோ தாங்கும்.

தற்போது காரின் டிக்கியில் போகும் 28 கிலோ ஈய பேட்டரி, 20 லிட்டர் தண்ணீர்க் கேன், அடுப்புடன் சிறிய கேஸ் சிலிண்டர், நனைந்த கூடாரத் துணி, கயிறு ஆகிய எல்லாவற்றையும் முன்பக்கப் பெட்டி ஒன்றுக்கு மாற்ற விரும்புகிறேன். 100 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம், 45 செ.மீ. உயரம் என்று கணக்கிட்டு, 12 மி.மீ. பிளைவுட்டில் செய்து, கீழே ஆங்கிள் வைத்து இழுசட்டத்தோடு வெல்டு வைத்துவிடலாம் என்பது என் எண்ணம். பிளைவுட் நல்லதா, அலுமினியத் தகடு நல்லதா? மழை உள்ளே இறங்காமல் மூடியை எப்படி அமைப்பது? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரசமட்டம்

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இப்போது உங்கள் கப்ளர் காரின் பந்தை எத்தனை கிலோ எடையோடு அழுத்துகிறது? அதை அளக்காமல் பெட்டியின் அளவை முடிவு செய்யாதீர்கள்.

கணக்கு எளியதுதான். முன்சுவருக்கும் பெட்டிக்கும் சிறிது இடைவெளி விட்டால், பெட்டியின் நடுப்புள்ளி சுவரிலிருந்து ஏறத்தாழ 25 செ.மீ. முன்னால் வரும். உங்கள் அச்சு முன்சுவரிலிருந்து 140 செ.மீ. பின்னால் இருப்பதால், அச்சுக்கும் பெட்டிக்கும் இடையே 165 செ.மீ. தொலைவு. அதை 250ஆல் வகுத்தால் 0.66. அதாவது பெட்டியில் வைக்கும் ஒவ்வொரு 3 கிலோவிலும் 2 கிலோ காரின் பந்தின் மேல் போய் உட்காரும். மீதி 1 கிலோதான் டிரெய்லரின் சக்கரங்களுக்குப் போகும். பெட்டியும் சாமானும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால் பந்தின் மேல் 56 கிலோ கூடும்.

பந்தின் மேல் விழும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்கவேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். மிகுந்தால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்கள் மேல்நோக்கி இளகி, ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பிடிப்பை இழக்கும். அதற்கும் மேலே, காரின் கையேட்டில் ஓர் உச்ச வரம்பு குறித்திருப்பார்கள். சிறிய கார்கள் பலவற்றுக்கு அது 50 முதல் 75 கிலோவுக்குள்தான் இருக்கும். சதவீதம் சரியாக வந்தாலும் அந்த வரம்பைத் தாண்டக்கூடாது.

அளப்பதற்கு வீட்டில் உடல் எடை பார்க்கும் மிஷினே போதும். சமதளத்தில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கப்ளருக்கு நேர் கீழே மிஷினை வையுங்கள். காரில் மாட்டும்போது கப்ளர் எந்த உயரத்தில் நிற்குமோ அதே உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி, இரண்டுக்கும் நடுவே நிறுத்துங்கள். ஜாக்கி சக்கரத்தின் (காரிலிருந்து கழற்றியபின் இழுசட்டத்தைத் தாங்கி நிற்கும் சிறு சக்கரம்) அடியில் மிஷினை வைத்துப் பார்ப்பது பலர் செய்யும் தவறு. அந்தச் சக்கரம் கப்ளரைவிட அச்சுக்கு அருகில் இருப்பதால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் பாரம் கூடிவிட்டது என்று அதைச் சரிக்கட்ட, ஸ்பேர் டயரையும் பாத்திரங்களையும் பின்கோடியில் ஏற்றிவிடாதீர்கள். மிஷினில் எண் சரியாகத்தான் தெரியும். ஆனால் தோளில் ஒரு கம்பை வைத்து அதன் இரு முனைகளிலும் நிறைகுடத்தைக் கட்டிக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். திருப்புவதும் கடினம், திரும்பத் தொடங்கியபின் நிறுத்துவது அதைவிடக் கடினம். இரு கோடிகளிலும் பாரம் வைத்த டிரெய்லர் அப்படித்தான் ஆடும். கனமானது எதுவானாலும் அச்சுக்கு அருகில் இருக்கட்டும். தண்ணீருக்கும் பேட்டரிக்கும் உரிய இடம் முன்பெட்டி அல்ல.

பட்டறைக்காரன்

வெல்டு வேண்டாம். காரணத்தை நான் பட்டு அறிந்தவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இழுசட்டம் அறைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரம் போன்றது. ஒவ்வொரு குழியிலும் அது மேலும் கீழும் வளைகிறது. அறையின் முதல் குறுக்குச்சட்டத்தை அது சந்திக்கும் இடத்தில்தான் அந்த வளைவின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். நீங்கள் பெட்டி வைக்கப்போவதும் அந்த இடத்தை ஒட்டித்தான். இழுசட்டக் குழாயின் மேல்முகமும் கீழ்முகமும்தான் அந்த அழுத்தத்தில் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. அந்த முகத்தின் குறுக்கே வெல்டு இழுத்தால், வெல்டின் விளிம்பில் இரும்பு நாளடைவில் சோர்ந்து விரிசல் விடும்.

என் முதல் டிரெய்லரில் இதே பெட்டியைக் குறுக்கு ஆங்கிள் வைத்து வெல்டு போட்டுக் கொடுத்தார்கள். பார்வைக்கு அழகான வேலை. ஏறத்தாழ ஓராண்டு ஓடியபின் சேறு கழுவிக்கொண்டிருந்தபோது, வெல்டின் ஓரத்தில் பெயிண்டின் மேல் தலைமயிர் அளவுக்குப் பழுப்புக் கோடு ஒன்று தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. பெயிண்டை உரித்துப் பார்த்தால், கோடு குழாயின் மேல்முகம் முழுவதையும் கடந்து பக்கமுகத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு இறங்கியிருந்தது. இன்னும் ஒரு நீண்ட பயணம் போயிருந்தால் டிரெய்லர் வேறு, கார் வேறு ஆகியிருக்கும்.

ஆகவே பெட்டியின் அடியில் 40 மி.மீ. ஆங்கிள் இரண்டைக் குறுக்கே கிடத்தி, இழுசட்டத்தின் கீழே 6 மி.மீ. தகடு கொடுத்து, குழாயின் இருபுறமும் 10 மி.மீ. போல்ட்டால் இறுக்கிப் பிடியுங்கள். குழாயில் ஓட்டையே தேவையில்லை. தவிர்க்கவே முடியாமல் ஓட்டை போட நேர்ந்தால், பக்கமுகத்தின் நடு உயரத்தில் மட்டும் போடுங்கள். மேலும் கீழும் கூடவே கூடாது. அப்படிப் போடும்போது, போல்ட்டை இறுக்கினால் குழாய் நசுங்காதிருக்க உள்ளே ஒரு சிறு குழாய்த் துண்டைச் செருகவேண்டும்.

பெட்டியை அறையின் முன்சுவரோடு சேர்த்துத் திருகாணி போடவேண்டாம். சட்டம் வளையும் அளவுக்கு அறை வளையாது. இரண்டையும் பிணைத்தால் பிளைவுட்தான் முதலில் கிழியும். நடுவே 25 மி.மீ. இடைவெளி இருக்கட்டும்.

ரிவர்ஸ் கியர்

ஒரு சிறு குறிப்பு மட்டும். பெட்டி செய்வதற்கு முன் அதே அளவில் ஓர் அட்டைப்பெட்டியை இழுசட்டத்தில் கட்டி, காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து இருபுறமும் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். ஒருவர் கூடவே நடந்து வந்து பார்த்துச் சொல்லட்டும். பெட்டியின் முன்மூலைகள்தான் காரின் பம்பரில் முதலில் இடிக்கும். காரின் டிக்கிக் கதவு முழுதாகத் திறக்கிறதா, ஜாக்கி சக்கரத்தின் கைப்பிடி தடையின்றிச் சுற்றுகிறதா, கப்ளரின் நெம்புகோலை மேலே தூக்கக் கை நுழைகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். எனக்குக் கைப்பிடி கால் சுற்று மட்டுமே சுற்றியது.

பிளைவுட் பிரியன்

பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் நான் பேசுகிறேன்.

உங்கள் அளவுக்குப் பெட்டியின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2.2 சதுர மீட்டர். 12 மி.மீ. பிளைவுட்டில் 16 கிலோவை ஒட்டி வரும், 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் 12 கிலோ, 1.2 மி.மீ. இரும்புத் தகட்டில் 20 கிலோவைத் தாண்டிவிடும். பெயருக்கு ஏற்றபடி நான் பிளைவுட்டைச் சொல்லவேண்டும், ஆனால் இந்த இடத்துக்கு அலுமினியமே பொருத்தம். காரின் பின்சக்கரங்கள் வாரியடிக்கும் கல்லும் தண்ணீரும் நேராக விழும் இடம் அது. பிளைவுட்டின் பெயிண்ட் ஓர் இடத்தில் தெறித்தாலும் ஈரம் அங்கிருந்து புகுந்து அடுக்குகளைப் பிரித்துவிடும். அலுமினியம் இரும்பைத் தொடும் இடத்தில் மட்டும் ரப்பர் பட்டை கொடுங்கள். இரண்டும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

மூடியின் கீல், காரை நோக்கிய முன்பக்கம் இருக்கவேண்டும். அப்போது தாழ்ப்பாள் நழுவினாலும் எதிர்க்காற்று மூடியை அழுத்தியே வைத்திருக்கும். கீலை அறைச்சுவர்ப் பக்கம் வைத்தால் அதே காற்று மூடியைப் பிளந்துவிடும். பெட்டியின் வாய் விளிம்பில் ரப்பர் பீடிங் ஒட்டி, மூடியின் ஓரத்தை 25 மி.மீ. கீழே மடித்துத் தொங்கவிட்டால், மழை ரப்பரை எட்டுவதற்கு முன்பே வடிந்துவிடும். அப்படியும் உள்ளே ஈரம் சேரும், அதிலும் நனைந்த கூடாரத்தை வைக்கப்போகிறீர்கள். அடியில் மூலைக்கு ஒன்றாக வடிதுளை போட்டு, சல்லடைக் கம்பி வைத்து மூடுங்கள்.

கேஸ் சிலிண்டருக்குத் தனித் தடுப்பு கட்டாயம். புரோப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரு மடங்கு கனமானவை. கசிந்தால் அடியில்தான் தேங்கும், எனவே அந்தத் தடுப்பின் தரையிலேயே வெளிக்காற்றுத் துளை திறந்திருக்கவேண்டும். ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது வெளிவிடும் ஹைட்ரஜன் மேலே எழும். கேஸும் பொறி பறக்கக்கூடிய பேட்டரி முனைகளும் ஒரே பெட்டிக்குள் இருப்பதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது. அதே காரணத்தால், பேட்டரியை நீங்கள் படுக்கும் அறைக்குள்ளும் வைக்கவேண்டாம்.

வழிப்போக்கன்

அனைவருக்கும் நன்றி. வார இறுதியில் அளந்து பார்த்தேன். இப்போதைய நிலையில் பந்தின் மேல் 46 கிலோ விழுகிறது. பெட்டி வரவிருக்கும் இடத்தில் பலகை போட்டு, 85 கிலோ வரும்வரை தண்ணீர்க் கேன்களையும் செங்கற்களையும் அடுக்கியதும் மிஷின் 101 காட்டியது. கணக்கு இவ்வளவு துல்லியமாகப் பலிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் காரின் வரம்பு 75 கிலோ.

எனவே திட்டத்தை மாற்றிவிட்டேன். தண்ணீர்க் கேன் அறைக்குள் அச்சுக்கு நேர் மேலேயும், பேட்டரி அச்சை ஒட்டித் தரைக்கு அடியில் வெளிப்புறமாகத் தொங்கும் காற்றோட்டமுள்ள சிறு பெட்டியிலும் போகின்றன. முன்பெட்டியில் சிலிண்டர், அடுப்பு, கூடாரம், கயிறு மட்டும். அலுமினியப் பெட்டியோடு சேர்த்து 32 கிலோ. பந்தின் மேல் 67 கிலோ, மொத்த எடை 560 கிலோ, அதாவது 12 சதவீதம் வருகிறது. அட்டைப்பெட்டிச் சோதனையில் இடது முன்மூலை பம்பரைத் தொட்டதால், இரு மூலைகளையும் 15 செ.மீ. சரிவாக வெட்டிவிடப் போகிறேன். பட்டறைக்காரரிடம் ஒரு சந்தேகம்: போல்ட்டுகள் அதிர்வில் தளராதா?

பட்டறைக்காரன்

நைலான் வளையம் உள்ள நட்டைப் போடுங்கள். ஆங்கிளுக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள பெயிண்ட் நசுங்குவதால் பிடி முதலில் சற்றுத் தளரும், 50 கி.மீ. ஓடியதும் ஒருமுறை இறுக்கிவிட்டு, நட்டிலிருந்து தகடு வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை கப்ளரை மாட்டும்போதும் குனிந்து பார்த்தால் போதும். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது.