பிராக்டர் செத்தது உண்மைக்காகவா, பேருக்காகவா?

திண்ணைக்காரன்:
ஆர்தர் மில்லரின் 'தி குரூசிபிள்' நாடகத்தை இந்த வாரம் மறுபடி படித்தேன். 1692இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், சேலம் என்ற பியூரிட்டன் (கடும் ஒழுக்கம் பேசும் கிறிஸ்தவப் பிரிவு) ஊரில் நடந்த சூனிய வழக்குகளை வைத்து எழுதியது. கதை தெரியாதவர்களுக்கு: காட்டுக்குள் ராத்திரி ஆட்டம் போட்டு மாட்டிக்கொண்ட பெண்பிள்ளைகள், அடிக்குப் பயந்து ஊராரைச் சூனியக்காரி என்று கைகாட்டுகிறார்கள். கோர்ட் நம்புகிறது. 'ஆமாம், சாத்தானோடு சேர்ந்தேன்' என்று ஒப்புக்கொண்டால் உயிர் மிஞ்சும், மறுத்தால் தூக்கு. விவசாயி ஜான் பிராக்டர் ஒப்புதல் தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டு, 'அது என் பேர்' என்று கத்தி, தாளைக் கிழித்துப்போட்டுத் தூக்குமேடைக்குப் போகிறான்.

கல்லூரியில் படித்தபோது புல்லரித்தது. இப்போது எரிச்சல்தான் வருகிறது. வீட்டில் மூன்று பையன்கள், மனைவி வயிற்றில் இன்னொன்று. இந்த ஆள் கவரிமான் பரம்பரை மாதிரி பேருக்காகச் சாகிறான். இதே பேருக்குப் பயந்துதானே இரண்டாம் அங்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்? அந்தப் பெண்பிள்ளைகளின் தலைவி அபிகெயில், முன்பு இவன் வீட்டில் வேலை செய்தபோது இவனோடு கள்ள உறவு வைத்திருந்தவள். 'இதில் சூனியமே இல்லை' என்று அவளே இவனிடம் சொல்லிவிட்டாள். கோர்ட்டில் போய் அதைச் சொல் என்கிறாள் மனைவி எலிசபெத். போனால், அபிகெயிலோடு தனியாக உனக்கு என்ன பேச்சு என்ற கேள்வி வருமே! யோசிக்கிறேன் என்கிறான். பதினாலு பெண்களைப் பிடித்துவிட்டார்களாமே என்று வேலைக்காரி மேரி வாரனிடம் கேட்கிறான். 'இல்லை ஐயா, இப்போது முப்பத்தொன்பது' என்கிறாள். நடுவில் வந்த அந்த இருபத்தைந்து பேர் யார் கணக்கில்?

மேடைப்பித்து:
திண்ணை சார், மூன்றாம் அங்கத்தைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். பேரைக் காப்பாற்றுவதுதான் அவன் நோக்கம் என்றால், துணை ஆளுநர் டான்ஃபோர்த் முன்னால் நின்று, 'அபிகெயிலோடு எனக்குத் தொடர்பு இருந்தது' என்று அவனே ஏன் சொல்ல வேண்டும்? பியூரிட்டன் ஊரில் அதைவிட ஒருவனுக்குக் கேவலம் கிடையாது. பேர் அன்றைக்கே போயாயிற்று. போன பேரைக் காப்பாற்ற எவனாவது சாவானா?

நாலாம் அங்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வாயால் ஒப்புக்கொள்கிறான், சரி. கையெழுத்துப் போடுகிறான், அதுவும் சரி. தாளைத் தரமாட்டேன் என்ற இடத்தில்தான் முரண்டு பிடிக்கிறான். ஏனென்றால் அந்தத் தாளை தேவாலயக் கதவில் ஆணி அடித்து மாட்டப் போகிறார்கள். கதவில் இவன் கையெழுத்து தொங்கும் அதே காலையில், பொய்யாக ஒப்புக்கொள்ள மறுத்த ரெபெக்கா நர்ஸ் என்ற கிழவி தூக்கில் தொங்குவாள். 'பிராக்டரே ஒப்புக்கொண்டுவிட்டான், கிழவிக்கு என்ன வீம்பு' என்று ஊர் பேசும். தமிழில் பெயருக்கும் மரியாதைக்கும் 'பேர்' என்ற ஒரே சொல் இருப்பதால் நமக்குக் குழப்பம். அவன் அங்கே காப்பாற்றுவது கையெழுத்தை.

திண்ணைக்காரன்:
கையெழுத்து வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிழித்த கையோடு அவன் பேசுவது என்ன? தன்னிடமும் கொஞ்சம் நல்லது மிச்சம் இருப்பது இப்போதுதான் தெரிகிறது என்கிறான். தன்னிடம்! ரெபெக்காவைப் பற்றிய பேச்சு அங்கே இல்லை. முதலில், 'நான் பாவி, புனிதர்கள் மாதிரி தூக்குமேடை ஏறினால் அது பித்தலாட்டம்' என்கிறான். அப்புறம் ஒரு தாளைக் கிழித்ததும் எல்லாம் சுத்தமாகிவிடுகிறது. கள்ள உறவின் குற்றவுணர்ச்சிக்கு அவனே ஒரு பரிகாரம் செய்துகொள்கிறான். தட்சிணை கொடுப்பது எலிசபெத்.

கமலம்:
எலிசபெத் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். நாடகத்திலேயே எனக்கு மூச்சு முட்டும் இடம் கிழிப்பது இல்லை, அதற்கு முந்தைய அங்கத்தில் வருவது. என் மனைவி பொய்யே பேசமாட்டாள் என்று பிராக்டர் சத்தியம் செய்கிறான். எலிசபெத்தைக் கூட்டிவருகிறார்கள். பிராக்டரும் அபிகெயிலும் முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்று டான்ஃபோர்த் உத்தரவு. உன் புருஷன் தப்பு செய்தானா என்று கேட்கிறார். அவள் அவன் முகத்தைப் பார்க்கத் திரும்புகிறாள், முதுகுதான் தெரிகிறது. அவன் ஏற்கெனவே ஒப்புக்கொண்டது அவளுக்குத் தெரியாது. 'இல்லை' என்கிறாள். வாழ்க்கையில் ஒரே ஒரு பொய், புருஷன் பேரைக் காப்பாற்ற. அந்தப் பொய்தான் அவனை மாட்டிவிடுகிறது.

அப்படிப்பட்டவளை நாலாம் அங்கத்தில், 'நான் பாசம் காட்டாத மனைவி, அதனால்தான் நீ வழி தவறினாய்' என்கிற மாதிரி மில்லர் பேச வைக்கிறாரே, அதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. செய்தவன் குற்றம் செய்யாதவள் தலையில். இதில் நான் திண்ணை அண்ணன் பக்கம்.

மேடைப்பித்து:
அந்த வசனத்துக்கு என்னிடமும் பதில் இல்லை அக்கா.

பழைய பேப்பர்:
நீங்கள் இருவரும் மோதிக்கொள்ளும் அந்தக் கள்ள உறவே மில்லர் கட்டியது. நிஜ அபிகெயில் வில்லியம்ஸுக்கு அப்போது பதினொன்று, பன்னிரண்டு வயது. நிஜ பிராக்டருக்கு அறுபது. அவளைப் பதினேழாக்கி, அவனை முப்பதுகளுக்கு இறக்கி, நடுவில் படுக்கையைப் போட்டார். விளைவு என்ன? ஒரு ஊரே சேர்ந்து செய்த கொலைகளுக்குக் காரணம் ஒரு பெண்ணின் ஆசை என்று ஆகிவிட்டது. நில வழக்கு, பாரிஸ் என்ற ஊர்ப் பாதிரியோடு சம்பளத் தகராறு, வடக்கு எல்லைச் சண்டையின் பயம், இதெல்லாம் பின்னால் போய்விட்டன.

நிஜ பிராக்டர் பூச்செண்டு இல்லை. வலிப்பு வந்து விழும் மேரி வாரனை அடித்துத் திருத்திவிடலாம் என்று பேசியவர். ஆனால் சிறையிலிருந்து 1692 ஜூலையில் பாஸ்டன் பாதிரிகளுக்கு மனு எழுதினார். ஒப்புக்கொள்ள வைக்க, தன் மகனைக் கழுத்தையும் குதிகாலையும் சேர்த்துக் கட்டி, மூக்கில் ரத்தம் வரும்வரை விட்டார்கள் என்று அதில் இருக்கிறது. ஆகஸ்ட் 19 அன்று தூக்கிலிட்டார்கள். மொத்தம் 19 பேர் தூக்கில். ஜைல்ஸ் கோரி என்ற கிழவரைக் கல் ஏற்றி நசுக்கினார்கள்.

இன்னொன்று. தாளைக் கிழித்த ஆள் நிஜமாகவே உண்டு, அது பிராக்டர் இல்லை. மார்கரெட் ஜேக்கப்ஸ், பதினாறு பதினேழு வயதுப் பெண். தூக்கு பயத்தில் ஒப்புக்கொண்டு, சொந்தத் தாத்தாவையும் பர்ரோஸ் என்ற பாதிரியையும் காட்டிக்கொடுத்தாள். மனசு கேட்காமல் எல்லாம் பொய் என்று வாபஸ் வாங்கினாள். தூக்குக்கு முந்தைய நாள் பர்ரோஸிடம் மன்னிப்புக் கேட்டாள், அவர் அவளுக்காக ஜெபம் செய்தார். தாத்தாவைத் தூக்கிலிட்டதும் பிராக்டரைத் தூக்கிலிட்ட அதே நாள்தான். விசாரணை நாளில் உடம்பு முடியாமல் போனதால் இவள் தப்பித்தாள்.

திண்ணைக்காரன்:
இதைத்தான் சொல்கிறேன்! மேடை, கைதட்டல் எதுவும் இல்லாமல் ஒரு சின்னப் பெண் செய்திருக்கிறாள். மில்லரோ பெண்ணை வில்லியாக்கி, அவள் செய்ததை ஆணுக்குக் கொடுத்துவிட்டார். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம், தானும் விசாரணையில் மற்றவர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தவர், அதனால் தன்னையே ஹீரோவாக எழுதிக்கொண்டார்.

மேடைப்பித்து:
வருடத்தைப் பாருங்கள் சார். நாடகம் மேடையேறியது 1953 ஜனவரியில். நாடாளுமன்றக் குழு மில்லரைக் கூப்பிட்டு மற்றவர்கள் பெயரைக் கேட்டது 1956இல். மறுத்ததற்காக 1957இல் தண்டனை, அடுத்த வருடம் மேல்முறையீட்டில் ரத்து. எழுதியபோது அவர் இன்னும் எதற்கும் மறுக்கவில்லை. அவரோடு வேலை செய்த இயக்குநர் எலியா கசான் 1952இல் பெயர்களைச் சொல்லிவிட்டிருந்தார். நண்பன் வாயைத் திறந்த பிறகு, தன் முறை வந்தால் என்ன செய்வோம் என்ற பயத்தில் எழுதியதாகத்தான் எனக்குப் படுகிறது. இரண்டாம் அங்கத்துப் பிராக்டர் அவ்வளவு தயங்குவது அதனால்தான் நம்பும்படி இருக்கிறது. பத்துக் கட்டளைகளைச் சொல்லச் சொன்னால் விரல் விட்டு எண்ணி ஒன்பதில் நிற்கிறான். பத்தாவதை மனைவி மெல்ல எடுத்துக்கொடுக்கிறாள்: 'விபசாரம், ஜான்.' இப்படியா ஒருவர் தன்னை ஹீரோவாக எழுதிக்கொள்வார்?

ஜைல்ஸ் கோரியையும் மறக்காதீர்கள். நாடகத்தில் அவர் வாய் தவறி, மனைவி ஏதோ புத்தகம் படிக்கிறாள் என்று சொல்லப்போக, அவளைப் பிடித்துவிடுகிறார்கள். அப்புறம் கோர்ட்டில் சாட்சியின் பெயரைக் கேட்டால், மனைவி பெயரை ஒருமுறை சொன்ன பாவமே போதும் என்று மறுத்துவிடுகிறார். பேருக்காகச் சாவது வேறு, பேரைச் சொல்லாமல் சாவது வேறு. பிராக்டரும் மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கச் சொன்னபோது, 'என் பாவத்தை மட்டும்தான் பேசுவேன்' என்கிறான்.

திண்ணைக்காரன்:
வருடம் விஷயத்தில் தப்பு என்னுடையது, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கோரிக்கு எழுந்து நிற்கிறேன், மார்கரெட்டுக்கும் நிற்கிறேன். பிராக்டருக்கு முடியாது. முப்பத்தொன்பது என்று மேரி சொன்ன ராத்திரியே அவன் கிளம்பியிருக்க வேண்டும்.

கமலம்:
அந்த ராத்திரி அவன் கிளம்புவதற்குள் எலிசபெத்தையே பிடித்துக்கொண்டு போய்விட்டார்களே அண்ணே. அதற்குப் பிறகுதான் அவனுக்குக் காலே நகர்ந்தது.