உயர்நிலை மூன்றிலேயே மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தேவையா?

செங்காங் தாய்:
வணக்கம். என் மகள் இவ்வாண்டு உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். 2027இல் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வை எழுதப்போகும் முதல் அணி அவளுடையது. இரண்டாண்டுத் தொடக்கக் கல்லூரியில் சேர்ந்து, பிறகு மருத்துவம் படிக்க விரும்புகிறாள். எங்கள் வட்டாரத்தில் உள்ள ஒரு துணைப்பாட நிலையம், யூகேட் (UCAT) என்ற மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இப்போதிருந்தே பயிற்சி தருவதாகக் கூறி, ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்கிறது. என் கணவரோ, ஊரில் அவருடைய அண்ணன் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலேயே நீட் பயிற்சியில் சேர்ந்துவிட்டதைச் சுட்டிக்காட்டி, நாம் ஏற்கெனவே பிந்திவிட்டோம் என்கிறார். இதற்கிடையே மகளுக்கு வேதியியலில் பி4தான் (ஏ1 முதல் எஃப்9 வரையிலான ஒன்பது தரங்களில் நான்காவது) கிடைத்திருக்கிறது. எதை இப்போது தொடங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

முன்னாள் வேதியியல் ஆசிரியை:
சகோதரி, அந்தக் கட்டணத்தை இப்போது கட்ட வேண்டாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி யூகேட் மதிப்பெண்ணைக் கேட்பது உண்மைதான். ஆனால் உங்கள் மகள் தொடக்கக் கல்லூரி முடிவில் மேல்நிலைத் தேர்வு (ஏ நிலை) எழுதுவது 2029இல் என்றால், யூகேட்டையும் அதே ஆண்டின் நடுப்பகுதியில்தான் எழுதுவாள். அதற்கென்று பாடத்திட்டம் எதுவும் கிடையாது. வாசித்துப் புரிந்துகொள்ளுதல், முடிவெடுத்தல், கணக்கு, சூழலறிந்து நடத்தல் ஆகியவற்றைக் கடும் நேர நெருக்கடியில் சோதிப்பார்கள். 2025இல் வடிவங்களை வைத்துக் கேட்கும் ஒரு பகுதியையே முழுவதுமாக நீக்கிவிட்டார்கள். இன்று வாங்கும் பயிற்சித் தாள்கள் 2029இல் எந்த அளவுக்குப் பயன்படும் என்று அந்த நிலையத்தாரையே கேட்டுப் பாருங்கள்.

இப்போது தொடங்க வேண்டியது வேதியியல்தான். அந்த மருத்துவப் பள்ளிக்கு எச்2 நிலையில், அதாவது தொடக்கக் கல்லூரியில் முழு அளவில் படிக்கும் நிலையில், வேதியியல் கட்டாயம்; அதனுடன் எச்2 உயிரியலோ எச்2 இயற்பியலோ இருக்க வேண்டும். பி4 என்ற தரத்தை மட்டும் பார்த்துக் கவலைப்படாமல், விடைத்தாளைக் கையில் எடுத்து, எந்தெந்த வினாவில் மதிப்பெண் போனது என்று மகளுடன் உட்கார்ந்து பாருங்கள். நான் திருத்திய தாள்களில் மோல் கணக்கில் சறுக்கியவர்களே அதிகம். 25 கன சென்டிமீட்டர் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், செறிவு லிட்டருக்கு 0.1 மோல் என்று கொடுத்திருக்கும். மாணவர் 25ஐ 1000ஆல் வகுத்து லிட்டராக்காமல் அப்படியே பெருக்கி, 2.5 மோல் என்று எழுதிவிடுவார். சரியான விடை 0.0025 மோல். 2.5 மோல் என்றால் 100 கிராம். அவ்வளவு சிறிய அளவு கரைசலில் அது எப்படி அடங்கும் என்ற ஐயமே அவருக்கு எழாது. இந்தக் குறையை உயர்நிலை மூன்றில் சரிசெய்யச் சில வாரங்கள் போதும், ஆனால் தொடக்கக் கல்லூரியில் அதே கணக்கின் மேல் அடுத்தடுத்த பாடங்களை அடுக்கிக்கொண்டே போவார்கள் என்பதால் அங்கே திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. அரையாண்டுத் தேர்வுகளும் இப்போது இல்லையாதலால், இத்தகைய ஓட்டைகள் ஆண்டிறுதிவரை வெளியே தெரியாமலே போகலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2028 சேர்க்கையிலிருந்து தொடக்கக் கல்லூரிக்கு எல்1ஆர்5க்குப் (ஒரு முதன்மொழியும் ஐந்து தொடர்புடைய பாடங்களும்) பதிலாக எல்1ஆர்4 (ஒரு முதன்மொழியும் நான்கு பாடங்களும்) கணக்கிடப்படும்; ஐந்து பாடங்களும் ஜி3 என்ற மிக உயர்ந்த பாடநிலையில் இருந்து, தரங்களின் எண்களைக் கூட்டினால் மொத்தம் 16 புள்ளிகளைத் தாண்டாமல் இருக்க வேண்டும். ஒரு பாடம் குறைந்துவிட்டதே என்று மகிழ்வதற்கில்லை, மீதமுள்ள ஒவ்வொன்றின் எடையும் கூடியிருக்கிறது.

நீட் எழுதியவனின் தந்தை:
உங்கள் கணவர் சொல்வது எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தும். என் மகன் இங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் படித்து, சிங்கப்பூர்த் தேர்வு நிலையத்திலேயே நீட் எழுதினான். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களே அத்தேர்வின் அடிப்படை என்பதால், முன்கூட்டியே படித்தது பள்ளித் தேர்வுக்கும் உதவியது.

உங்கள் மகளின் நிலை வேறு. நீட்டின் 180 வினாக்களில் 45 இயற்பியலிலிருந்து வரும். வேதியியல், உயிரியல், கணிதம் என்று தொடக்கக் கல்லூரியில் எடுத்துவிட்டால், அந்த 45க்கும் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். தவறான ஒவ்வொரு விடைக்கும் ஒரு மதிப்பெண் கழிப்பார்கள். மேல்நிலைத் தேர்வோ படிப்படியாக விளக்கி எழுதச் சொல்வது. இரண்டு குதிரைகளில் ஏறுவதற்கு முன், இந்தியாவில் பெறும் பட்டத்தைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்குமா என்பதை, அம்மன்றம் வெளியிட்டுள்ள பட்டியலில் பார்த்துவிடுங்கள். அதைப் பார்க்காமல் பயிற்சிக்குப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

செங்காங் தாய்:
இருவருக்கும் மிக்க நன்றி. மகள் வழக்கமான தமிழ்ப் பாடத்தைவிடக் கடினமான உயர்தமிழும் படிக்கிறாள். வேதியியலுக்கு நேரம் ஒதுக்க அதை விட்டுவிடலாமா என்றும் வீட்டில் பேச்சு நடக்கிறது.

பாசிர் ரிஸ் தமிழாசிரியர்:
அவசரப்பட்டு விட வேண்டாம். உயர்தமிழில் டி7 அல்லது அதைவிடச் சிறந்த தரம் பெற்றவர், தொடக்கக் கல்லூரியில் எச்1 (எச்2இல் பாதி அளவு) தமிழ் படிக்கத் தேவையில்லை என்பதே இதுவரை உள்ள விதி. இப்போது செலவிடும் நேரம் அங்கே திரும்பக் கிடைக்கும். கட்டுரையில் தட்டுத்தடுமாறி, தேர்ச்சியே ஐயம் என்ற நிலை இருந்தால் மட்டும் பள்ளியில் பேசிப் பாருங்கள்.

நான் தமிழாசிரியர்தான் என்றாலும், ஆங்கில வாசிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2026 முதல் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான மொத்தம் 70 புள்ளிகள்: மூன்று எச்2 பாடங்களுக்கு 60, ஆங்கிலத்தில் எழுதும் பொதுத் தாளுக்கு 10. பொதுத் தாளுக்கு மனப்பாடம் உதவாது. நூலகச் செயலியில் நாளிதழ்களை இலவசமாகவே படிக்கலாம். வாரத்துக்கு ஒரு தலையங்கத்தை எடுத்து, எழுதியவர் எதை நிறுவ முயல்கிறார், எந்த இடத்தில் வாதம் இடிக்கிறது என்று இரவு உணவின்போது மகளிடம் கேளுங்கள். யூகேட்டின் வாசிப்புப் பகுதிக்கும் அதுவே பயிற்சி. வேதியியலுக்குத் துணைப்பாடம் வேண்டுமென்றால், தனியார் நிலையங்களுக்குப் போகுமுன் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகளை விசாரியுங்கள். கட்டணம் மிகக் குறைவு.