திண்ணை நூலகத்துக்கு எந்தப் புத்தகம்?

குழு: ஆச்சி வீட்டு மக்கள்

மீனா: [படம்] [படம்]

மீனா: ஊரில் திண்ணை நூலகத்துக்கு வாங்கிய பெட்டியை இப்போதுதான் பிரித்தேன். இந்த இரண்டு பக்கத்தையும் பாருங்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அண்ணன் மொட்டை மாடியில் பட்டம் விடுகிறான். அம்மா அடுப்படியில். தங்கச்சி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். போன வருஷம் அச்சடித்த புத்தகம் இது!

சண்முகம் பெரியப்பா: நன்றாகத்தானே இருக்கிறது. படம் லட்சணமாக வரைந்திருக்கிறார்கள்.

கார்த்திக்: அப்பா, உங்களுக்கு அந்த நாற்காலி பிடித்திருக்கும் 😄

சண்முகம் பெரியப்பா: டேய்.

மீனா: ஒரு புத்தகம் என்றால் விட்டுவிடலாம் பெரியப்பா. பெட்டியில் பாதி இப்படித்தான். டாக்டர் என்றால் ஆண், நர்ஸ் என்றால் பெண். காட்டு விலங்குக் கதையில்கூட சிங்கம் ராஜா, யானை மந்திரி, நரி திருடன். ஒரே ஒரு பெண், மான். அதுவும் கதை முழுக்க அழுகிறது.

சண்முகம் பெரியப்பா: நாங்கள் படித்ததும் இதே மாதிரிப் புத்தகம்தான். கெட்டா போய்விட்டோம்?

செல்வி மதினி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சண்முகம் பெரியப்பா: செல்வி, நான் படித்துவிட்டேன் அம்மா.

செல்வி மதினி: 🙈 மன்னிச்சுக்கோங்க மாமா

கோமதி அத்தை: இப்போதுதான் பார்த்தேன். ஒன்று சொல்கிறேன். ஒன்றாம் வகுப்பு எடுத்த காலத்தில், கதைப் புத்தகத்தில் எழுத்தைக் கையால் மறைத்துவிட்டு, படத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்பேன். பையனைக் காட்டினால் ஏறுகிறான், துரத்துகிறான், உடைக்கிறான், ஒட்டுகிறான் என்று வரிசையாக வரும். பெண் பிள்ளையைக் காட்டினால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு “அவ நிக்கா டீச்சர்” என்பார்கள். அவ்வளவுதான். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே பிள்ளைகள் படத்தைப் படித்துவிடும்.

முத்து அத்தான்: அம்மா, இதை ஏன் இத்தனை நாள் எங்களிடம் சொல்லவில்லை?

கோமதி அத்தை: நீ எங்கே உட்கார்ந்து கேட்டாய்.

சண்முகம் பெரியப்பா: அப்படிப் பார்த்தால் ஔவையாரையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கோமதி அத்தை: தூக்கிப் போட வேண்டாம் அண்ணாச்சி. ஆனால் ஆத்திசூடியில் ‘தையல்சொல் கேளேல்’ என்று இருக்கிறதா இல்லையா? பெண் பேச்சைக் கேட்காதே என்பதை ஒரு பெண்பாற் புலவர் பெயரில்தான் காலங்காலமாக மனப்பாடம் செய்கிறோம். உரைக்காரர்கள் அதற்குச் சமாதானம் சொல்வார்கள், அது வேறு. பாரதி புதிய ஆத்திசூடி எழுதும்போது ‘தையலை உயர்வு செய்’ என்று நேரெதிராகப் போட்டார். இரண்டும் திண்ணையில் இருக்கட்டும். பிள்ளைகள் இரண்டையும் படித்துவிட்டுச் சண்டை போடட்டும்.

முத்து அத்தான்: இங்கே கேரளாவில் 2024-ல் மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் அப்பா தேங்காய் துருவுகிற படம் போட்டார்கள். எங்கள் ஆபீஸ் கேன்டீனில் ஒரு வாரம் அதே பேச்சு.

சண்முகம் பெரியப்பா: தேங்காய் துருவுவதற்கெல்லாம் பாடமா!

கோமதி அத்தை: நம் ஊர்க் கல்யாண வீட்டில் யார் துருவுகிறார்கள் அண்ணாச்சி? சமையல்காரர் தவசுப்பிள்ளையும் அவர் ஆட்களும். ஆயிரம் பேருக்கு அவியல் வைப்பதும் மறுவீட்டுக்குச் சொதி வைப்பதும் ஆண்கள்தான். அது கௌரவக் குறைச்சல் என்று யாரும் சொன்னதில்லை. கூலி உள்ள சமையல் ஆணுக்கு, கூலி இல்லாத சமையல் அம்மாவுக்கு. தெருவில் கண்ணால் பார்ப்பதைக்கூடப் புத்தகத்தில் போட மாட்டேன் என்கிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல்.

கார்த்திக்: 👏👏

செல்வி மதினி: டிவி மட்டும் என்ன வாழ்கிறதாம்? சோட்டா பீம் 2008-லிருந்து ஓடுகிறது. லட்டு சாப்பிட்டால் பீமுக்குப் பலம் வரும், எல்லாரையும் அடிப்பான். லட்டு செய்கிறவர் டுன்டுன் மௌசி, அவர் மகள் சுட்கி. நம் சின்னவள் போன வாரம் கேட்கிறாள், “லட்டு சுட்கி வீட்டிலதானே இருக்கு, அவளே தின்னுட்டு சண்டைக்குப் போனா என்ன?” என்று. எனக்குப் பதில் தெரியவில்லை.

மீனா: 😂😂 மதினி, அவளை அந்தக் கம்பெனிக்குக் கதை எழுத அனுப்புங்கள்.

கார்த்திக்: விளம்பரத்தில் கொஞ்சம் மாற்றம் தெரிகிறது. 1994 கேட்பரி விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? கிரிக்கெட்டில் அவன் சிக்ஸர் அடிப்பான், அவன் காதலி காவலாளியைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடி வந்து ஆடுவாள். 2021-ல் அதையே திருப்பி எடுத்தார்கள். சிக்ஸர் அவள் அடிக்கிறாள், இவன் ஓடி வந்து ஆடுகிறான். அவன் ஆட்டம் சுமார்தான், ஆனாலும் எனக்குப் பிடித்தது.

முத்து அத்தான்: 2022-ல் ஆஸ்கி, அதுதான் விளம்பரத் தரத்தைப் பார்க்கிற அமைப்பு, இதற்கென்றே வழிகாட்டுதல் கொடுத்தது. பெண் வீடு பெருக்குகிற மாதிரிக் காட்டலாம். பெண் மட்டும்தான் பெருக்க வேண்டும் என்கிற மாதிரிக் காட்டக் கூடாது.

சண்முகம் பெரியப்பா: அது நியாயமான பேச்சு. அம்மா சமைப்பதே தப்பு என்கிற மாதிரி நீங்கள் பேசும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் அம்மா அடுப்படியில் வெந்துதான் எங்களை ஆளாக்கினாள்.

கோமதி அத்தை: யார் தப்பு என்றது? அம்மா அடுப்படியில் நின்றாள், சரி. நெல் அளந்தது யார்? பால் கணக்கு எழுதியது யார்? வரப்புத் தகராறு வந்தபோது தாலுகா ஆபீஸ் வாசலில் போய் நின்றது யார்? நம் அம்மா முக்கால்வாசி இதில்தான் இருந்தாள். மீனா அனுப்பிய படத்தில் இருப்பது கால்வாசி அம்மா. அதைப் பார்த்து லட்சணம் என்கிறாய்.

மீனா: ஆச்சியிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். ஏதோ சொல்ல வேண்டுமாம், இருங்கள்.

மீனா: 🎤 குரல் பதிவு 0:41

மீனா: கேட்க முடியாதவர்களுக்கு: “தாலுகா ஆபீஸ் இல்ல, முன்சீப் கோர்ட்டு. எல்லா வாய்தாவுக்கும் நான்தான் போனேன். உங்க தாத்தாவுக்குக் கோர்ட்டு வாசலைப் பார்த்தாலே வயித்தைக் கலக்கும். வக்கீலுக்கு முறுக்கு சுட்டுக் கொண்டு போனேன், அதையும் எழுதிக்கோ.”

முத்து அத்தான்: 🤣🤣🤣 ஆச்சி!

கார்த்திக்: தாத்தாவுக்குப் பயமா? மீசையைப் பார்த்தால் அப்படித் தெரியாதே.

செல்வி மதினி: பயப்படுகிற தாத்தாவையும் எந்தப் புத்தகத்திலும் காணோம். நம் பெரியவன் விளையாட்டில் அடிபட்டு அழுதான். “பொம்பளப் பிள்ளை மாதிரி அழாதே” என்று ஒருவர் சொல்லிவிட்டார். அதிலிருந்து அடிபட்டால் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

சண்முகம் பெரியப்பா: யார் சொன்னது? எனக்குத் தெரியாதே.

செல்வி மதினி: பக்கத்து வீட்டுக்காரர், மாமா. விடுங்கள்.

சண்முகம் பெரியப்பா: சரி, ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், கேளுங்கள். பதிலுக்குப் பதில் என்று புத்திமதிப் புத்தகமாக வாங்கி அடுக்காதீர்கள். ‘ஆணும் பெண்ணும் சமம் குழந்தைகளே’ என்று தொடங்கினால் ஒரு பிள்ளையும் திண்ணைப் பக்கம் வராது.

கோமதி அத்தை: இதில் நான் அண்ணாச்சி கட்சி. அந்த மாதிரிப் புத்தகம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுக் கட்டாக வரும், புது வாசனை போகாமல் அப்படியே கிடக்கும். ஒரு சைக்கிள் கடைக் கதை மட்டும் கிழியக் கிழியப் படித்தார்கள். கடைக்காரர் மகள் ட்யூபைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கி, குமிழி வருகிற இடத்தில் விரலை வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒட்டுப் போடுவாள். பெண் பிள்ளை பஞ்சர் ஒட்டுகிறாளே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. குமிழி ஏன் வருகிறது, பசை காய எவ்வளவு நேரம், இதுதான் கேள்வி. பையன்களும் அவளை மாதிரியே விரலை வைத்துக் காட்டினார்கள்.

மீனா: அத்தை, அப்படியென்றால் பெட்டியை என்ன செய்ய? எல்லாவற்றையும் திருப்பி அனுப்பவா?

கோமதி அத்தை: வேண்டாம். அந்தக் குடும்பப் படப் புத்தகத்தையும் டாக்டர் புத்தகத்தையும் மட்டும் அனுப்பு. விலங்குக் கதையில் வண்ணம் அருமையாக இருக்கிறது, இருக்கட்டும். வாசிக்கும்போது மானுக்கு நான் வேறு வேலை கொடுத்துக்கொள்கிறேன். மீதிப் பணத்துக்கு ராக்கெட், பாம்பு, பேய், சமையல் என்று கலந்து வாங்கு. வாங்குவதற்கு முன் உள்பக்கப் படத்தை எனக்கு அனுப்பு, அட்டையை அல்ல.

முத்து அத்தான்: நான் ஆயிரம் ரூபாய் ஜிபே பண்ணுகிறேன் மீனா. பேய்க் கதை கூடுதலாக.

மீனா: 👍 நன்றி அத்தான்.

சண்முகம் பெரியப்பா: அலமாரிக்கு ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது. ஐந்தடி உயரம், நான்கு தட்டு.

கோமதி அத்தை: ஐந்தடி என்றால் மேல் தட்டு பிள்ளைகளுக்கு எட்டாது. மூன்றடி போதும், அகலத்தைக் கூட்டச் சொல்லு.

சண்முகம் பெரியப்பா: பலகை அறுத்தானோ என்னவோ. இரு, போன் பண்ணிப் பார்க்கிறேன்.