படைவீரர்களின் பிள்ளைகளை எப்படிப் பாராட்டுவது?

கேள்வி (வகுப்பாசிரியை):
வணக்கம். என் வகுப்பில் படைவீரர்களின் பிள்ளைகள் சிலர் படிக்கிறார்கள். அப்பாவோ அம்மாவோ மாதக்கணக்கில் எல்லையிலோ கப்பலிலோ இருக்க, பணியிட மாற்றத்தால் நட்பு முளைவிடும் வேளையிலேயே பள்ளியை விட்டுக் கிளம்ப நேர்ந்தும், படிப்பைக் கைவிடாமல் புதிய இடத்தில் வேரூன்றிக்கொள்ளும் இவர்கள்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அமெரிக்காவில் 1986 முதல் ஏப்ரலை இவர்களுக்குரிய மாதமாகக் கடைப்பிடிக்கிறார்கள். எல்லாப் படைப்பிரிவுகளுக்கும் பொதுவான நிறமாக ஊதா ஆடை அணிகிறார்கள். நானும் ஏதேனும் செய்ய விரும்புகிறேன். ஆனால், மேடையேற்றி 'வீரப் பிள்ளை' என்று கைதட்டினால் அது அவர்களுக்கு ஊக்கமாக இருக்குமா, சுமையாகிவிடுமா?

பதில் 1 (கடற்படை வீரரின் மகள்):
சுமையாகலாம் என்பதே என் அனுபவம். 'நீ தைரியசாலி' என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, அப்பாவை நினைத்து அழுவதற்கே எனக்குக் கூச்சம் வந்துவிட்டது.

இன்றும் நெஞ்சில் நிற்கும் பாராட்டு வேறு. பழைய பள்ளியில் முடித்த பின்னங்களைப் புதிய பள்ளியில் மறுபடி நடத்தினார்கள். தசமம் எங்குமே எனக்குக் கிடைக்கவில்லை. கணக்கு ஆசிரியர் என் பழைய நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, விடுபட்டவற்றைப் பென்சிலால் குறித்துவிட்டு, "தசமம் தெரியாமலே இவ்வளவு தூரம் சமாளித்திருக்கிறாயே, இனி நாம் சேர்ந்து பார்ப்போம்" என்றார். நான் செய்ததைக் கண்டு சொன்ன சொல் அது. அமெரிக்காவின் 50 மாநிலங்களும், பள்ளி மாறும் இப்பிள்ளைகளின் பதிவேடுகளும் முன்பு படித்த பாடங்களும் தடையின்றி ஏற்கப்பட உடன்பாடு செய்துள்ளன. கைதட்டலைவிட அத்தகைய ஏற்பாட்டையே நான் பெரிய மரியாதையாகக் கருதுகிறேன்.

பதில் 2 (பள்ளி உளவியல் ஆலோசகர்):
அந்தக் கணக்கு ஆசிரியரைப் போன்ற ஒருவர் எவ்வளவு முக்கியம் என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்திலுள்ள கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த உளவியலாளர் எம்மி வெர்னர், கடும் நெருக்கடிகளில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அக்கறையும் உள்ளவர்களாக உருவானதைக் கண்டார். அவர்களுக்குப் பற்றுக்கோடாக அக்கறையுள்ள பெரியவர் ஒருவரேனும் இருந்தார். மீண்டெழும் ஆற்றல் அபூர்வமான வரம் அன்று, பிள்ளையிடமும் குடும்பத்திலும் உறவுகளிலும் உள்ள சாதாரண ஆற்றல்களிலிருந்து பிறப்பது என்று உளவியலாளர் ஆன் மாஸ்டன் 2001இல் எழுதினார். எனவே, துன்பத்தைத் தாங்கும் பிள்ளையை மட்டும் வியந்துவிட்டு, அந்தப் பிள்ளைக்குத் துணைநிற்கவேண்டிய நம் பொறுப்பை மறந்துவிடக் கூடாது. அழும் பிள்ளையைவிட, எதையுமே கேட்காத பிள்ளையை நான் கூடுதலாகக் கவனிப்பேன்.

பதில் 3 (தரைப்படை வீரரின் மனைவி):
ஊதா ஆடை நாளை விட்டுவிடாதீர்கள், அம்மா. வகுப்பு முழுவதும் ஊதா அணிந்ததாலும், தன்னை யாரும் பேசச் சொல்லாததாலுமே என் மகனுக்கு அந்த நாள் பிடித்திருந்தது.

இன்னொன்று: அப்பா திரும்பி வந்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று பள்ளியில் நினைத்துவிடுகிறார்கள். அவர் இல்லாதபோது இரவில் கதவைப் பூட்டித் தம்பியைத் தூங்கவைத்த என் மூத்த மகள், அந்தப் பொறுப்பு கையைவிட்டுப் போனதும் சில வாரங்கள் யாரிடமும் முகம்கொடுத்துப் பேசவில்லை. தம்பியோ அப்பாவிடம் போகவே தயங்கினான். அந்த வாரங்களில் வீட்டுப்பாடம் தாமதமானால் கண்டிக்காமல், அத்தகைய பிள்ளையைத் தனியாக அழைத்து நலம் விசாரியுங்கள்.