குழு: கரூர் வீடு 🏠

*தேவி:* வெள்ளி இரவு திருச்சியிலிருந்து கிளம்புகிறேன். சிங்கப்பூர் வழியாக நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச். சைக்கிளும் கூட வருகிறது. தஞ்சாவூரிலிருந்து ஏர்போர்ட் வரை சைக்கிள் பெட்டியைக் கொண்டுபோக வண்டி வேண்டும்.

*அண்ணன்:* என் காரில் நுழையாது

*ரயில்வே மாமா:* [காலை வணக்கம் படம்]

*பெரிய அத்தை:* அங்கேயே வாடகைக்கு எடுத்தால் என்ன

*தேவி:* அங்கே கிளைடு ஊரிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கி.மீ. ஓட்டப்போகிறேன், அத்தை. கூட இரண்டு தோழிகள். எனக்குப் பழகின சைக்கிள்தான் சரிப்படும்.

*சித்தப்பா:* தேவிம்மா, நிதானமாகப் படி. முதலில் பெடல். வலது பெடல் வழக்கம்போல் இடப்பக்கம் சுற்றினால் கழலும். இடதுக்கு மரை தலைகீழ், வலப்பக்கம் சுற்று. இது தெரியாமல் பலத்தைக் காட்டி பெடல் மாட்டும் கிராங்கையே கெடுத்துக்கொண்டு என் கடைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்! சீட் குழாயை எடுக்கும் முன் உயரத்துக்கு டேப் ஒட்டு. முன்சக்கரத்தைக் கழற்றியதும் ஃபோர்க் கால்களுக்கு நடுவே பிளாஸ்டிக் முட்டு கொடு. புது சைக்கிளோடு வருவதுதான், கடையில் கேட்டால் தருவார்கள். டிஸ்க் பிரேக் பேடுகளுக்கு நடுவிலும் கனமான அட்டைத் துண்டு. சக்கரம் இல்லாத நேரம் லீவர் அழுந்தினால் பேடு ஒட்டிக்கொள்ளும். கியர் மாற்றும் பின் டெரெய்லர்தான் முக்கியம். கழற்றித் துணி சுற்றி, சட்டத்துக்கு உள்பக்கமாகக் கட்டு. அது தொங்கும் ஹேங்கர் மெல்லிய அலுமினியம். உன் சட்டத்துக்குப் பொருந்துவது ஒன்று கூடுதலாக எடுத்துப் போ, போகிற இடத்தில் அதே அளவு கிடைப்பது கஷ்டம்.

*அண்ணன்:* 👍

*அம்மா:* பவர் பேங்க்?

*சித்தப்பா:* கைப்பையில், அண்ணி. பெட்டியில் வைக்கவே கூடாது. ஸ்பேனர் எல்லாம் பெட்டியில்.

*பெரிய அத்தை:* நாரத்தங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் போட்டு வைத்திருக்கிறேன். சக்கரத்துக்கு நடுவே இடம் இருக்குமே

*தேவி:* அத்தை, நியூசிலாந்தில் சாப்பாடு எதுவானாலும் அறிவிக்க வேண்டும். சொல்லாமல் கொண்டுபோனால் 400 டாலர் அபராதம்.

*பெரிய அத்தை:* ஊறுகாய்க்கா!!

*சித்தப்பா:* மண்ணுக்கும்தான், அக்கா. தேவிம்மா, டயர் இடுக்கு, பெடல், ஷூ அடி எல்லாம் பழைய பல் பிரஷ் போட்டுத் தேய். நன்றாகக் காய்ந்த பிறகு பெட்டியில் வை. வெளியில் ஓட்டிய சைக்கிள் என்று நீயே அறிவித்துவிடு.

*ரயில்வே மாமா:* கிளைடு என்றால் பழைய ரயில் பாதை அல்லவா

*தேவி:* ஆமாம் மாமா. 1990-இல் ரயிலை நிறுத்தினார்கள். 2000-இலிருந்து சைக்கிள் பாதை.

*ரயில்வே மாமா:* ரயில் ஓடிய இடம், ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். பயப்படாமல் போ. டனல் உண்டா?

*தேவி:* உண்டு. டார்ச் எடுத்துக்கொள்கிறேன்.

*பெரிய அத்தை:* அப்பாவின் ராலே சைக்கிள் இருந்திருந்தால் அதையே கொண்டுபோயிருப்பாள்

*சித்தப்பா:* அக்கா, அதை மறுபடி ஆரம்பிக்காதே

*அம்மா:* வண்டி விஷயத்துக்கு வாருங்கள்

*அண்ணன்:* சின்ன யானைக்காரரிடம் கேட்டேன். வெள்ளி முகூர்த்தமாம், நாளைக்குச் சொல்கிறேன் என்றார்

*சித்தப்பா:* இல்லையென்றால் நான் கரூரிலிருந்து வருகிறேன். பின் சீட்டை மடக்கிப் பார்க்கிறேன். பெட்டி அளவு அனுப்பு. எடையும் போட்டுப் பார், ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். விமானக் கம்பெனியில் சைக்கிள் என்று சொல்லிப் பதிந்தாயா?

*தேவி:* முதல் விமானத்துக்குப் பதிந்தாயிற்று. இரண்டாவதுக்கு இன்னும் பதில் வரவில்லை.

*சித்தப்பா:* போனில் கூப்பிடு. இன்றைக்கே.

*பெரிய அத்தை:* அறிவித்துவிட்டால் ஒரு பாட்டில் விடுவார்களா?