வரப்புத்தடம்: கலைச்சொல் முன்மொழிவும் மறுமொழிகளும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நகரப் போக்குவரத்துச் சொற்பட்டியலில் 'மிதிவண்டிப் பாதை' என்னும் ஒரே சொல்லை மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு நேராக எழுதி வைத்திருக்கிறோம். சாலையோரத்தில் வெள்ளைக் கோடு போட்டு ஒதுக்கிய பட்டையும் அதுவே. மோட்டார் வண்டிகள் ஏற முடியாதபடி கல் பதித்துப் பிரித்த பகுதியும் அதுவே. கால்வாய்க் கரையிலோ கைவிடப்பட்ட இருப்புப்பாதை மீதோ, சாலையோடு ஒட்டாமல் செல்லும் வழியும் அதுவே. பட்டியலில் இது சிறு குறையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நகர நிர்வாகம் 'இத்தனை கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதை அமைத்துவிட்டோம்' என்று அறிக்கை விடும்போது, அதில் கல் எவ்வளவு, வெறும் வண்ணப்பூச்சு எவ்வளவு என்று கேட்பதற்குக்கூட நம்மிடம் சொல் இல்லை.

1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் பின்னர் சேர்க்கப்பட்ட வரையறைகள், கோட்டால் குறித்ததற்கும் கட்டுமானத்தால் பிரித்ததற்கும் தனித்தனிப் பெயரே தருகின்றன. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் மிதிவண்டித் திட்டங்களை ஒருங்கிணைத்த ரோஜர் கெல்லர், நகர மக்களை நான்கு வகையாகப் பிரித்து ஒரு மதிப்பீடு தந்தார். எந்தச் சாலையிலும் அஞ்சாமல் ஓட்டுபவர்கள் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஓட்ட விருப்பம் இருந்தும் மோட்டார் வண்டிகளுக்கு அஞ்சி ஒதுங்குபவர்கள் ஏறத்தாழ 60 விழுக்காடு. முதல் வகையினருக்குக் கோடே தேவையில்லை. இந்த 60 விழுக்காட்டினருக்கோ கோடு போதாது. அவர்களைச் சாலைக்கு வரவழைக்கக்கூடிய, கல் பதித்துப் பிரித்த தடத்துக்குத்தான் இப்போது சொல் தேடுகிறோம்.

பெயர் பெரிதாக இருந்தால் பொருளும் பெரிதாகிவிடும் என்ற மயக்கத்துக்கு லண்டன் நல்ல சான்று. அங்கே 2010இல் திறக்கப்பட்ட முதல் 'சைக்கிள் பெருவழிகள்' பெரும்பகுதி நீல வண்ணப்பட்டைகள் மட்டுமே. பேருந்தும் லாரியும் அந்த நீலத்தின் மேலேயே ஓடின. கல் வைத்துப் பிரித்த நீண்ட தடங்கள் 2016 அளவில்தான் வந்தன. பின்னர் 'பெருவழி' என்ற பெயரையே கைவிட்டார்கள்.

நான் நாள்தோறும் செல்லும் கோட்டுப் பட்டையின் அகலம் ஒன்றரை மீட்டர். அதன் இடப்புறம் கார்கள் வரிசையாக நிற்கும். கதவு முழுதாகத் திறந்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும். எனக்கு எஞ்சுவது அரை மீட்டர், அதாவது என் வண்டியின் கைப்பிடி அகலம்கூட இல்லை. சென்ற மாதம் அப்படி ஒரு கதவு திறந்தபோது, கைப்பிடி முனை அதன் விளிம்பில் உரசி, முனையில் இருந்த பிளாஸ்டிக் மூடி தெறித்து விழுந்தது. வலப்புறம் ஒரு கை எட்டும் தொலைவில் பேருந்து போய்க்கொண்டிருந்தது. கோடு அழியாமல் பளிச்சென்றுதான் இருந்தது. (இவ்வகை விபத்துக்கும் நம் பட்டியலில் சொல் இல்லை. 'கதவடி' எனலாமா? 'கதவடைப்பு' நினைவுக்கு வந்தாலும், பட்டவருக்குப் பொருள் உடனே விளங்கும்.)

இனி, இதுவரை வந்த பரிந்துரைகள். 'பாதுகாப்பான தடம்' என்பது பொருளைப் பெயரிடாமல் அதற்குப் பாராட்டுப் பத்திரம் எழுதுகிறது. கோடு போட்டவரும் அதைப் பாதுகாப்பானது என்றே சொல்வார். 'தடுப்புத்தடம்' என்றால், தடுப்பூசி, தடுப்புக்காவல் ஆகியவற்றின் வழக்கப்படி, எதையோ தடுப்பதற்கான தடம் என்று படிக்கத் தோன்றும். 'காப்புத்தடம்' எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஆனால் 'காப்புக்காடு' என்பதில் உள்ள காப்பு, வேலியிட்டுக் காத்ததை அன்று, சட்டத்தால் ஒதுக்கியதையே குறிக்கிறது. கோட்டுப் பட்டையும் அப்படி ஒதுக்கியதுதானே! எந்த வேறுபாட்டைக் காட்டச் சொல் தேடினோமோ, அதையே இச்சொல் அழித்துவிடுகிறது. 'அரண்' கம்பீரமான பழஞ்சொல். எனினும் புணர்ச்சி விதியைக் கறாராகப் பின்பற்றி 'அரண்டடம்' என்று எழுதினால், தடமே எதையோ கண்டு அரண்டுவிட்டதுபோல ஒலிக்கிறது.

ஆகவே 'வரப்புத்தடம்' என்று முன்மொழிகிறேன். வரப்பு உயரத்தால் சிறியது. ஆனால் இந்தப் பாத்தி வேறு, அந்தப் பாத்தி வேறு என்பதை ஐயமின்றிக் காட்டும். அது சுவர் இல்லை, பார்வையை மறைக்காது. முக்கியமாக, அது இருக்கிறதா இல்லையா என்பதைத் தெருவில் இறங்கிக் காலால் தட்டிப் பார்த்தே யாரும் சொல்லிவிடலாம். இதற்கு இணையாக, கோட்டால் மட்டும் குறித்ததைக் 'கோட்டுத்தடம்' என்றும், சாலையை விட்டு விலகிச் செல்வதை மட்டும் 'மிதிவண்டிப் பாதை' என்றும் வைத்துக்கொள்ளலாம். கருத்துரைகளை எதிர்நோக்குகிறேன்.

மறுமொழி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சாலை வடிவமைப்பில் பணிபுரிபவள் என்ற முறையில் இந்த முன்மொழிவைப் படித்தேன். கோட்டுத்தடம் என்பதை முழு மனத்துடன் ஏற்கிறேன். வரப்புத்தடத்தில் எனக்குச் சில தயக்கங்கள் உள்ளன.

முதலாவது, வயலில் நாம் நடந்து செல்வது வரப்பின் மீதுதான். 'வரப்புத்தடம்' என்றதும் அந்தக் கல் மேட்டின் மீதே வண்டி ஓட்ட வேண்டும் என்று ஒருவர் எண்ண மாட்டாரா?

இரண்டாவது, எது வரப்பு என்று தாங்கள் வரையறுக்கவில்லை. கோபன்ஹேகனில் பல தெருக்களில் மிதிவண்டித் தடம் சாலையைவிட ஒரு படி உயர்ந்தும், நடைபாதையைவிட ஒரு படி தாழ்ந்தும் இருக்கிறது; அங்கே தனியாக ஒரு வரப்பு இல்லை, உயர வேறுபாடே பிரிக்கிறது. வேறு இடங்களில் நிறுத்திய கார் வரிசையைச் சாலைப் பக்கம் தள்ளி, அதற்கும் நடைபாதைக்கும் இடையில் தடம் அமைக்கிறார்கள். இன்னும் சில இடங்களில் ரப்பர்க் கம்பங்களை நட்டுவிட்டு, பிரித்தாயிற்று என்கிறார்கள். இவை எல்லாம் வரப்புதானா?

மூன்றாவது சொல் பற்றியது அன்று, களம் பற்றியது. கல் கட்டிய தடத்தில் மழைநீர் தேங்கும். சருகும் கண்ணாடித் துண்டும் சேரும். வழக்கமான துப்புரவு வண்டி உள்ளே நுழையாது. இரண்டு மீட்டருக்குக் குறைந்தால் ஒருவரை இன்னொருவர் முந்த இடம் இராது. வரைபடத்தில் மிக அழகாக வரும் தடம், சாலைச் சந்திப்புக்கு முப்பது மீட்டர் முன்பாகவே காணாமல் போவதையும் பார்க்கிறேன். திரும்பும் லாரி, நேரே செல்லும் மிதிவண்டியை நசுக்குவது சந்திப்பில்தான். நாமோ நடுத்தெருவில் காவல் வைத்துவிட்டு அங்கே விலக்கிக்கொள்கிறோம். நெதர்லாந்தில் சந்திப்பு முனைகளில் சிறு மேடைகள் கட்டி, திரும்பும் வண்டியை அகல வளைந்து மெதுவாகத் திரும்பவைக்கிறார்கள். காத்து நிற்கும் மிதிவண்டியும் ஓட்டுநரின் கண்ணெதிரே இருக்கிறது. சொல் நிலைபெறுவதற்கு முன்பே அதன் வரையறைக்குள் சந்திப்பையும் சேர்த்துவிட வேண்டுகிறேன்.

மறுமொழி

அன்புள்ள அம்மா,

தங்கள் முதல் ஐயத்துக்குக் 'கரைவேட்டி' விடை சொல்லும். கரையை உடையதால் கரைவேட்டி. கரையையே யாரும் உடுத்துவதில்லை. அவ்வாறே வரப்பை உடைய தடம் வரப்புத்தடம்.

வரையறையில் நான் அசட்டையாக இருந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சக்கரம் எளிதில் ஏறிக் கடக்க இயலாதது எதுவோ அது வரப்பு. ஆகவே கோபன்ஹேகன் படியைச் சேர்க்கலாம். நிறுத்திய காரை, அது இல்லாத வேளையிலும் அங்கே ஒரு கல் விளிம்பு இருந்தால் மட்டும், கதவு திறக்கும் அகலத்தையும் இடைவெளியாக விட்டிருந்தால் மட்டும், சேர்க்கலாம். கார் ஏறினால் படுத்து, போனதும் எழுந்து நிற்கும் ரப்பர்க் கம்பம் வரப்பு ஆகாது. அது நிமிர்ந்து நிற்கும் கோடு.

மழைநீர் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்ததும், வயலில் வரப்பு இருக்கும் இடத்தில் மடையும் இருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. கல் விளிம்பில் நீர் வடிய விடும் இடைவெளியை நம் பட்டியலில் இதுவரை 'கட்டிங்' என்றே எழுதி வந்தோம். அதை 'மடை' என்றே பட்டியலில் சேர்த்துவிடலாம். துப்புரவு வண்டியின் அகலத்துக்குச் சொல்லால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அது கொள்முதல் செய்பவர் பாடு.

சந்திப்பைச் சேர்த்து வரையறையை இவ்வாறு திருத்துகிறேன்: 'வரப்புத்தடம்: மோட்டார் வண்டியின் சக்கரம் எளிதில் கடக்க இயலாத கட்டுமானத்தாலோ உயர வேறுபாட்டாலோ பிரிக்கப்பட்டு, சாலைச் சந்திப்பிலும் அப்பிரிவோ அதற்கு ஈடான முனைமேடையோ தொடரும் மிதிவண்டித் தடம். சந்திப்புக்கு முன் பிரிவு முடிந்துவிடும் பகுதி, நீளக் கணக்கில் கோட்டுத்தடமாகவே கொள்ளப்படும்.' 'முனைமேடை' தங்களுக்கு உடன்பாடுதானா என்று தெரிவித்தால், பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.